மஞ்சள் காமாலை வைரசும் ஈரல் புற்றும்: எந்த வயதில் என்ன நடக்கிறது?

2013ஆம் ஆண்டு எமது தோட்டத்துப் பாடசாலையில் இரத்ததான முகாம் ஒன்று நடந்தது. கவ்வாத்து வேலைக்குப் போகும் இளந்தாரிகள் இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து அவர்களில் ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு எங்கள் அறைக்கு வந்தார். அப்போது அவருக்கு 34 வயது. மலையில் அவர் கத்தி பிடித்தால் பக்கத்து வரிசைக்காரர் ஈடு கொடுக்க முடியாது. அவருடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் வைரசு இருப்பதாகவும், கிளினிக்குக்கு வரவேண்டும் என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது.

"எனக்கு ஒரு நோவும் இல்லீங்களே ஐயா, எதுக்கு வரச் சொல்றாங்க?" என்று கேட்டார்.

நாங்களும் அவரை மேலும் கீழும் பார்த்தோம். ஆள் நல்ல திடகாத்திரம். "சின்ன வயசுல காமாலை வந்திருக்கும் தம்பி, அதோட மிச்சமா இருக்கும். நேரம் கிடைச்சாப் போயிட்டு வாங்க" என்று சொல்லி, கடிதத்தின் பிரதி ஒன்றைக் கோப்பில் போட்டோம். அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நாங்களும் திரும்பக் கேட்கவில்லை.

2022ஆம் ஆண்டு, எரிபொருள் இல்லாமல் பஸ்கள் ஓடாமல் கிடந்த மாதங்களில், அவர் மறுபடி வந்தார். வயது 43. வலப்பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, இடுப்பு வாரில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது என்றார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் 9 சென்ரிமீற்றர் அகலத்தில் கட்டி. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நான்கு மாதத்தில் காலமானார். அவருடைய மனைவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். "மத்தவங்க வீட்லயும் இப்பிடிக் கடுதாசி இருக்கும், எழுதுங்க" என்று அந்தத் தங்கச்சிதான் சொன்னார்.

அந்தக் கடிதத்தை நாங்கள் சரியாக வாசித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதுதான் இந்த முறை பாடம். நாங்களும் பிந்தித்தான் படித்தோம். வைத்திய அதிகாரிகளிடமும் தாதிமாரிடமும் கேட்டுக் கேட்டுப் படித்தோம்.

முதலில் காமாலை என்ற சொல். கண் மஞ்சளாவதும் சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போவதும் நோயின் அடையாளமே தவிர, நோயின் பெயர் அல்ல. ஈரலைத் தாக்கும் வைரசுகளில் முக்கியமானவை ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. ஏயும் ஈயும் அழுக்குத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்து லயத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒன்றாகக் காமாலை வந்தால், அநேகமாக அது ஏ. சில வாரத்தில் மாறும், மாறிய பின் உடம்பில் தங்காது, புற்றுநோயாக மாறாது. கர்ப்பிணித் தாய்க்கு ஈ வந்தால் மட்டும் மிக ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டி என்பது பி இருக்கும் உடம்பில் மட்டும் பிழைக்கும் ஒட்டுண்ணி. நாம் இங்கே பேச வேண்டியது பியும் சியும். இவை இரண்டும் இரத்தத்தால் வருபவை. பி பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும், தாம்பத்திய உறவினாலும் கூட வரும். இவை இரண்டும் வந்து தங்கும். பலருக்கு வந்ததே தெரியாது, கண் மஞ்சளாகவே ஆகாது.

இனி வயது. பி வைரசின் கதையில் வயது இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, வைரசு உடம்புக்குள் நுழைந்த வயது. மற்றது, ஆள் இப்போது நிற்கும் வயது. இந்த இரண்டையும் நாங்கள் அன்று கேட்கவில்லை.

பிறக்கும்போது தாயிடமிருந்து பி தொற்றிய பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். ஐந்து வயதுக்குள் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தங்கும். வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் 100க்கு 5 பேருக்கும் குறைவு, மற்றவர்களின் உடம்பு வைரசை விரட்டிவிடும். இது தலைகீழ்க் கணக்காக அல்லவா இருக்கிறது என்று எங்களுக்கும் தோன்றியது. காரணம் இதுதான்: வளர்ந்தவர் உடம்பு வைரசை அந்நியன் என்று கண்டுபிடித்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில்தான் கண் மஞ்சளாகிறது, ஆள் படுக்கிறார், பிறகு வைரசு போய்விடுகிறது. பச்சைப் பிள்ளையின் உடம்போ வீட்டுக்கு வந்தவன் உறவா அந்நியனா என்று தெரியாமல் உள்ளே இருக்க விட்டுவிடுகிறது. சண்டை இல்லை, காமாலையும் இல்லை. ஆகவே பெரிய காமாலை வந்து படுத்து எழும்பியவரை விட, காமாலையே வராமல் இரத்தத்தில் பி உள்ளவரைப் பற்றித்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும். "நோவு இல்லை" என்று அவர் சொன்னதை நாங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். அதுதான் பிழை.

இந்த வைரசுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு எப்படித் தெரிய வந்தது? 1970களில் தாய்வானில் பாமர் பீஸ்லி என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய கூட்டத்தாரும் 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து, வருடக்கணக்காக அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 3,454 பேருக்கு பி இருந்தது. 1981ல் வெளியான கணக்கின்படி ஈரல் புற்றால் இறந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் பி உள்ளவர்கள். மற்றப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பேரிலிருந்து ஒரே ஒருவர். இதைப் படித்த அன்று நாங்கள் அந்தப் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பிரதி அங்கேயேதான் இருந்தது.

அதே தாய்வான் 1984ல் பிறந்த குழந்தைகளுக்கு பி தடுப்பூசி போடத் தொடங்கியது. முதலில் தாய்க்கு வைரசு உள்ள பிள்ளைகளுக்கு, 1986 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும். 6 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்று, ஊசிக்கு முன் ஒரு லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990க்கும் 1994க்கும் இடையில் 0.36 ஆகக் குறைந்தது. ஊசி போட்டுப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

நமது நாட்டில் குழந்தைகளுக்கு பி ஊசி 2003ல் படிப்படியாகத் தொடங்கியது. 2008 முதல் அது ஐந்து நோய்க்கான ஒரே ஊசிக்குள் சேர்ந்து இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடப்படுகிறது. பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள், அங்கே குறித்திருப்பார்கள். ஆனால் 2003க்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர், குழந்தைப் பருவத்தில் அந்த ஊசியைப் பெறவில்லை. நமது நாட்டில் பி அயல் நாடுகளை விடக் குறைவுதான், அது நமக்கு அதிர்ஷ்டம். இங்கே ஈரல் புற்று வருபவர்களில் வைரசு இல்லாதவர்களே கூட. சாராயமும் கசிப்பும், சீனி வியாதியும், ஈரலில் கொழுப்புப் படிவதும்தான் அங்கே காரணம். அவர்கள் அநேகமாக வயதானவர்கள். அதனால்தான் 40 வயது ஆளுக்கு ஈரல் புற்று வரும் என்று யாருக்கும் யோசனை போவதில்லை.

ஆனால் பி உள்ளவருக்கு வயதுக் கணக்கு வேறு. பிறப்பிலேயே நுழைந்த வைரசு 40 வயதில் 40 வருடச் சேவை முடித்திருக்கும். அதோடு பி வைரசு தன்னுடைய மரபுச் சரட்டைத் துண்டு துண்டாக ஈரல் கலத்தின் சரட்டுக்குள்ளேயே செருகிவிடுகிறது. பாத்தியில் ஊன்றிய கன்றுக்கு நடுவே களை விதை விழுந்த மாதிரி. ஆகவே ஈரல் சுருங்கித் தழும்பேறாமலேயே பி புற்றைக் கொண்டுவரக் கூடும். ஆபிரிக்காவின் சில பகுதிகளில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ள ஆண்களுக்கே இது வருகிறது. அங்கே பூஞ்சணம் பிடித்த கச்சானிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்லரொக்சின் என்ற நஞ்சும் சேர்ந்துகொள்கிறது. (நமது மழைக் காலத்தில் பேணிக்குள் கிடந்து பச்சை பூத்த கச்சானை "வறுத்தாச் சரியாப் போகும்" என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அந்த நஞ்சு வறுப்பதால் முற்றாகப் போவதில்லை.)

சி வைரசு வேறு வழியில் போகிறது. அது நமது கலத்தின் சரட்டுக்குள் நுழைவதில்லை. இருபது முப்பது வருடம் ஈரலை மெல்ல மெல்லப் புண்ணாக்கித் தழும்பாக்கி, அந்தத் தழும்பிலிருந்துதான் புற்று கிளம்புகிறது. எனவே சி உள்ளவருக்குப் புற்று வருவது அநேகமாக 60ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. எகிப்து நாட்டுக் கதையைக் கேட்டால் இது விளங்கும். அங்கே வாய்க்கால் தண்ணீரில் நின்று விவசாயம் செய்யும் மக்களுக்கு நத்தையால் பரவும் ஒரு புழு நோய் இருந்தது. அதைத் தீர்க்க 1950கள் முதல் 1980களின் ஆரம்பம் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஒரே ஊசியைப் பலருக்குப் பாவித்ததில் சி வைரசு பரவியது. நல்லது செய்யப் போய் வந்த வினை. அன்று ஊசி போட்ட இளைஞர்கள் கிழவர்களான போதுதான் ஈரல் புற்று ஊரெல்லாம் தெரிந்தது. சி வைரசே 1989ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2018லும் 2019லும் எகிப்து அரசாங்கம் ஏறத்தாழ 5 கோடி மக்களைச் சோதித்து, சி உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தது. இன்று சிக்கு மூன்று மாதம் மாத்திரை எடுத்தால் 100க்கு 95 பேருக்கு வைரசு அடியோடு போய்விடும். பிக்கு அப்படி அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை, அடக்கி வைக்கும் மாத்திரை உண்டு.

சரி, கட்டி வளர்வது எப்படி? இதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரே அளவில் எட்டுச் சின்ன உருண்டை பிடியுங்கள். இரண்டை ஒன்றாகச் சேர்த்து உருட்டுங்கள். மா இரட்டிப்பாகிவிட்டது, ஆனால் உருண்டையின் அகலம் கால் பங்குதான் கூடியிருக்கும். எட்டையும் சேர்த்து உருட்டினால்தான் அகலம் இரண்டு மடங்காகும். கட்டியும் அப்படித்தான். ஒரு சென்ரிமீற்றர் கட்டி இரண்டு சென்ரிமீற்றர் ஆவதற்குள் மூன்று முறை இரட்டித்துவிட்டது. ஈரல் புற்று ஒருமுறை இரட்டிக்கச் சராசரியாக 4 முதல் 6 மாதம் எடுக்கிறது. சிலருக்கு ஒரு மாதத்திலேயே இரட்டிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும். 5 மாதம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றிலிருந்து இரண்டாக 15 மாதம், இரண்டிலிருந்து நாலாக 15 மாதம், நாலிலிருந்து எட்டாக இன்னும் 15 மாதம். ஏறத்தாழ நான்கு வருடம் அந்த ஆள் பெரட்டுக்குப் போகிறார், கவ்வாத்து வெட்டுகிறார், திருவிழாவுக்குக் காவடி தூக்குகிறார். ஈரலின் உள்ளே நோவை உணரும் நரம்பு இல்லை. கட்டி பெருத்து மேல் உறையை இழுக்கும்போதுதான் பாரம் தெரியும்.

இளைய வயதுக்காரருக்கு இன்னொரு தொல்லை. பெரும்பாலும் பி உள்ளவர்களாக இருக்கும் இவர்களைக் கண்டுபிடிக்கும்போது கட்டி பெரிதாகவே இருக்கிறது. யாரும் சந்தேகப்படாததும், மிச்ச ஈரல் நன்றாக வேலை செய்து குறையை மறைத்துவிடுவதும் இதற்குக் காரணம். ஆனால் அதே திடமான ஈரல், கட்டி சின்னதாக இருக்கும்போது பிடித்தால், பெரிய உதவி. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் கவ்வாத்து வெட்டிய இளஞ்செடி துளிர்ப்பதைப் போல மிச்ச ஈரல் வளர்ந்துவிடும். வயதாகித் தழும்பேறிய ஈரலோ கிழட்டு மரம் மாதிரி. கட்டி சின்னதாக இருந்தாலும் வெட்டுவதைத் தாங்குமா என்று சத்திர சிகிச்சை வைத்தியர்கள் பலமுறை யோசிப்பார்கள். ஆகவே வயதானவருக்குப் புற்று மெதுவாகத்தான் வரும், பயமில்லை என்று இருந்துவிடவும் முடியாது.

இந்தக் கணக்கிலிருந்துதான் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்ற விதி வந்தது. ஒரு முறை இரட்டிக்கும் காலத்தை ஒட்டி வைத்த தவணை. பி உள்ள ஆசிய நாட்டு ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் இது சொல்லப்படுகிறது. குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்று வந்திருந்தாலோ, ஈரல் ஏற்கனவே தழும்பேறி இருந்தாலோ, அந்த வயது வரை காத்திருக்கக் கூடாது. அதோடு வைரசு எவ்வளவு பெருகுகிறது என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். 2006ல் வெளியான ஒரு தாய்வான் ஆய்வில், 3,653 பேரை 11 வருடத்துக்கு மேல் கவனித்ததில், வைரசு மிகக் குறைவாக இருந்தவர்களில் 100க்கு 1.3 பேருக்கும், மிக அதிகமாக இருந்தவர்களில் 100க்கு 14.9 பேருக்கும் ஈரல் புற்று வந்தது. பெருக்கம் கூடியவருக்கு வைரசை அடக்கும் மாத்திரை எழுதுவார்கள். அதைத் தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வைரசு சீறிக்கொண்டு எழும்பும். மாத்திரை எடுத்தால் ஆபத்து குறையும், முற்றாகப் போகாது, ஆகையால் ஸ்கேனும் நிற்காது.

"கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடிச்சாப் போதாதா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒரு அம்மா கேட்பார். நாங்களும் சின்ன வயதில் மோரில் கலந்து குடித்தவர்கள்தான், பழிக்க மாட்டோம். பி வைரசைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பேர்க் என்ற விஞ்ஞானியே இந்தச் செடியை மதித்து ஆராய்ந்தார். 1988ல் அவரும் சென்னை வைத்திய ஆராய்ச்சியாளர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 30 நாள் செடித் தூள் எடுத்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் பியின் அடையாளம் மறைந்தது, வெறும் தூள் எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ காமாலை தானாகவே சில வாரத்தில் மாறும். அப்போது செடி குடித்திருந்தால் பெயர் செடிக்குப் போகிறது. உடம்பில் தங்கிவிட்ட பி அப்படித் தானாக மாறுவது அரிது. குடிக்க ஆசைப்படுபவர் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள், கிளினிக்குக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

ஒரு மனக்குறையையும் எழுத வேண்டும். பி இருப்பது தெரிந்த வீட்டில் தட்டும் கோப்பையும் தனியாக வைக்கும் வழக்கம் நமது லயங்களில் உண்டு. கடிதத்தை ஆட்கள் மறைப்பதற்கு இதுதான் முதல் காரணம். பி ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது, ஒரே பாயில் படுப்பதால், பிள்ளையைத் தூக்குவதால், தும்மலால் வராது. தாய் பால் கொடுக்கலாம். தனியாக வைக்க வேண்டியது சவர அலகும் பல் தூரிகையும் மட்டும்தான். சலூனில் புது அலகு போடச் சொல்லிக் கேளுங்கள். காது குத்துபவரிடமும் பச்சை குத்துபவரிடமும் புது ஊசி கேளுங்கள். புருசனுக்கு இருந்தால் மனைவியும் பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்களும் இரத்தம் சோதிக்க வேண்டும், இல்லாதவர்களுக்கு மூன்று ஊசி உண்டு. கர்ப்பிணிக்கு இருந்தால் மருத்துவிச்சி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் போடும் ஊசிதான் அந்த 100க்கு 90 கணக்கை உடைப்பது.

காலமானவரின் குடும்பத்தையும் சோதித்தோம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை, ஊசி போட்டாயிற்று. தாயாருக்கும் ஒரு தம்பிக்கும் இருக்கிறது. தம்பிக்கு இப்போது 38 வயது. 40 ஆகவில்லை என்றாலும் அண்ணன் போனதால் அவருக்கு இப்போதே ஸ்கேன் தொடங்கியாயிற்று. இரண்டு தடவை வந்தார், இரண்டிலும் கட்டி இல்லை. மூன்றாம் தடவை வரவில்லை.

போய்க் கேட்டோம். "ரெண்டு வாட்டி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே ஐயா. போனா ஒரு நாள் பேர் போகுது, பஸ் காசு போகுது, பொழுது சாய்ஞ்சுதான் வீடு வந்து சேர்றோம்" என்றார். அவர் சொல்வது பொய்யில்லை. ஸ்கேனுக்குக் காசு இல்லையே தவிர, போகும் நாளுக்குக் கூலி யார் கொடுப்பது? கிளினிக் துண்டைக் காட்டினால் அந்த நாளை வேறொரு நாள் வேலையால் ஈடு செய்ய விடும்படி துரையிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு முந்தின ஸ்கேன் ஆறு மாதத்துக்கு முந்தின ஈரலைத்தான் காட்டும் என்று அவருக்குச் சொன்னோம். அவருடைய மனைவி அடுப்படியில் மா பிசைந்துகொண்டிருந்தார். அந்த மாவிலேயே எட்டு உருண்டை பிடித்துக் காட்டினோம். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தேதி செவ்வாய்க்கிழமை. காலை முதல் பஸ்ஸில் நாங்களும் கூடப் போகிறோம்.

வீட்டில் பெட்டிக்குள் இப்படி ஒரு கடிதம் கிடந்தால், எத்தனை வருடம் பழையதானாலும், எந்தப் பாஷையில் இருந்தாலும், பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு எங்கள் அறைக்குக் கொண்டு வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு வாசித்துச் சொல்வோம். கிளினிக் தேதியை எங்கள் கொப்பியிலும் எழுதிக்கொள்வோம்.